என் குரல் மலையில் இருந்தது

மாவட்டத்தில் சிறுதொழில் நடத்துகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுவோம். சால்வை, போண்டா, குரூப் போட்டோ, நடுவில் நாலு பேர் பேச்சு. அந்த நாலு பேரில் ஒருத்தியாக என்னைத் தவறாமல் கூப்பிடுவார்கள். அதற்குக் காரணம் என் அறிவு இல்லை, என் தொண்டை. மைக் மக்கர் பண்ணினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். இந்த வருடமும் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். போனை எடுத்த என் வீட்டுக்காரரிடம், "மேடம் மீண்டு வந்த கதைய ஒரு பத்து நிமிஷம் பேசணுங்க" என்றிருக்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கிறது. "இல்லன்னா எழுதிக் குடுத்தாக்கூடப் போதுங்க" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் மீண்டு வந்த கதை என்று இதற்குப் பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. நான் முழுசாக வந்து சேரவில்லை. என்னில் ஒரு பகுதி வேறு எங்கேயோ நின்றுவிட்டது. அது எங்கே நின்றது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் வசந்தா. நைனார்பாளையத்தில் சாமையையும் தினையையும் உமி நீக்கி அரிசியாக்கும் மில் வைத்திருக்கிறோம். "வைத்திருக்கிறோம்" என்று எழுதுவது மரியாதைக்கு. தொடங்கியதும் நடத்தியதும் நான். என் வீட்டுக்காரர் தணிகாசலம் கரும்புக் காட்டைப் பார்த்துக்கொள்வார். அதிகம் பேசாத மனிதர். எங்கள் வீட்டில் பேச்சு என் இலாகா. பேங்க் மேனேஜரிடம் பேசுவது, லாரிக்காரனிடம் சண்டை போடுவது, சம்பந்தம் பேச வந்தவர்களைப் பக்குவமாகத் திருப்பி அனுப்புவது எல்லாம் நான்தான். அவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார். அதுவும் நான் பார்த்த பிறகுதான்.

சரக்கு கல்வராயன் மலையிலிருந்து வருகிறது. முன்பெல்லாம் மலைக்காரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு கீழே இறங்கி, கடைக்காரன் சொன்ன எடைக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் தராசை மலைக்குக் கொண்டுபோனேன். என் தொழில் ரகசியம் மொத்தமும் அவ்வளவுதான். ஒரு ஜீப், மேலே ஒரு ஒலிபெருக்கி, அதில் என் குரல். ஆரம்பத்தில் நானே மைக்கைப் பிடித்துக்கொண்டு போனேன். பிறகு பதிவு செய்து வைத்துவிட்டோம்.

"அம்மா, அக்கா, அண்ணா! வந்துட்டோம், வந்துட்டோம், வசந்தா மில்லு வண்டி வந்துட்டோம்! சாமை எடுத்தாங்க, தினை எடுத்தாங்க, கடுக்கா எடுத்தாங்க! தராசு உங்க கண்ணு முன்னாடி, காசு உங்க கையி மேல! வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க!"

இரண்டு ஜீப் ஆன பிறகு ஒன்று வெள்ளிமலைப் பக்கமும் இன்னொன்று எதிர்ச் சரிவில் இருக்கும் ஊர்களுக்கும் போகும். இரண்டிலும் அதே குரல்தான். செவ்வாய்க்கிழமை என்றால் மலை முழுக்க நான் கத்திக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் என்னைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டு ஜீப்பின் பின்னால் ஓடும் என்று டிரைவர் சடையன் சொல்லிச் சிரிப்பார்.

தொண்டை கட்டியது ஒரு பொங்கல் சமயம். புதுச் சாமை வந்து குவியும் நாட்கள் அவை. மில்லில் எல்லோருக்கும் தொண்டை கட்டும். உமித் தூசி ஒரு பக்கம், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துவது ஒரு பக்கம். அதற்கு "மில் தொண்டை" என்று நாங்களே ஒரு பெயர் வைத்திருந்தோம். மருந்தும் நம்மிடமே இருந்தது. மூட்டை மூட்டையாகக் கடுக்காய் வாங்குகிறவள் டாக்டரிடம் ஏன் போக வேண்டும்? கடுக்காய்த் தோலை உடைத்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். துவர்ப்பு தொண்டையை இழுத்துப் பிடிக்கும். இரண்டு நாள் தேவலை மாதிரி இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். மறுபடியும் கடுக்காய். இப்படியே கோடையும் போய், ஆடியும் வந்துவிட்டது.

எங்கள் மகள் இளவரசி அப்போது சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் போனில் பேசினேன். "சொல்லுப்பா, அம்மா எங்க?" என்றாள்.

"நான்தான்டி அம்மா" என்றேன்.

மறுநாள் காலையில் பையோடு வீட்டு வாசலில் நின்றாள். வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்திலிருந்த கடுக்காயைத் துப்ப வைத்து, கள்ளக்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் சின்னப் பெண். மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக உள்ளே விட்டார். அதன் நுனியில் கேமரா. எதிரில் இருந்த டிவியில் என் தொண்டை தெரிந்தது. இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றிய இடத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். இரண்டு வெள்ளை நாடாக்கள் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டு விலகினால் குரல் வருமாம். ஒன்று அசைந்தது. இன்னொன்று அசையவில்லை. அதன் மேல் காலிஃப்ளவர் பூப் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பீடி, புகையிலை எதுனா பழக்கம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாம்மா கேக்கற? என்னைப் பாத்தா பீடி குடிக்கற மாரியா இருக்குது?"

"கேக்கணும்மா. சில பேருக்குக் காரணமே இல்லாமலும் வரும்" என்றார்.

காரணமே இல்லாமல் வரும் என்ற அந்தப் பேச்சுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நஷ்டம் வந்தால் எங்கே விட்டோம் என்று தேடிக் கண்டுபிடிக்கிறவள் நான். இங்கே தேட இடமே இல்லை.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே காத்திருக்கும் கூடம் ஒரு பஸ் ஸ்டாண்டு அளவு இருக்கும். பெயரைக் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று குரல் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். தொண்டை நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்த புண்ணியவான் யாரோ தெரியாது. முதல் நாள் என் பெயர் வந்தபோது நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. பெயர் போய்விட்டது. அடுத்த முறை, பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "வசந்தா இருக்குது! தோ இருக்குது!" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். கள்ளக்குறிச்சி என்றோம். "சாராயமா?" என்றார். எங்கள் மில்லில் மூட்டை தூக்க வருகிறவர்கள் பாதிப் பேர் கருணாபுரம். விஷச் சாராயச் சாவில் தாலியை இழந்தவர்களும் அதில் உண்டு. பழைய தொண்டை இருந்திருந்தால் அந்த ஆளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

மயக்கம் கொடுத்து, அந்தப் பூவிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். பிறகு ஸ்கேன். முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். வயதானவர், அவசரமில்லாதவர்.

"குரல்வளையில புற்று. குரல் நாணைத் தாண்டி வெளிக் குருத்தெலும்புக்கும் போயிடுச்சி. குரல்வளைய முழுசா எடுத்துடணும்."

"பாதி எடுத்தா ஆவாதா டாக்டர்?" என்று கேட்டேன். அது குரலில்லை, உமி உரசுகிற சத்தம்.

"ஆவாதும்மா."

"கரண்டு மட்டும் வச்சிப் பாத்தா?" எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்குக் கரண்டு வைப்பது என்றுதான் சொல்வோம்.

"முன்னாடியே வந்திருந்தா அது போதும். இப்ப ஆபரேஷன், அப்புறம் கதிர்வீச்சு, ரெண்டும் வேணும்."

"பேச்சு?"

"வேற வழியில பேச்சு வர வைக்கலாம். இந்தக் குரல் வராது."

வாழ்க்கையில் எவரிடமும் முதல் விலைக்குச் சரி என்று சொல்லாதவள் நான். அந்த மேஜைக்கு முன்னால் என் பேரம் எடுபடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வேண்டாம் என்றே நினைத்தேன். குரலோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம். ஊமையாக உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு நான் எதற்கு?

வெளியே டீக்கடையில் இளவரசி அழுதுகொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். "ஏ வசந்தா" என்றார். "எனுக்கு உன் பேச்சு இல்லாட்டியும் பரவால்ல. நீ இருந்தா போதும்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பரவாயில்லையாம்! இத்தனை வருடம் இந்த மனிதருக்கும் சேர்த்து நான் பேசியிருக்கிறேன், அது இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். அந்தக் கோபத்திலேயே உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். சரியான முடிவுகளை நான் பெரும்பாலும் கோபத்தில்தான் எடுத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்பு கிடைத்த சில நாட்களில் பேச வேண்டியதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னார். என்ன பேசுவது? இளவரசி போனை நீட்டி, "எதுனா சொல்லும்மா, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றாள். கரகரத்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தச் சொன்னேன். அது என் குரல் இல்லை. என் குரல் முழுசாக, சுத்தமாக இருந்த இடம் உலகத்தில் ஒன்றுதான். அது ஜீப்பில் இருந்தது.

மிச்சமிருந்த தொண்டையை மில்லுக்குப் போன் பண்ணியே செலவழித்தேன். ஈரம் பார்த்து எடு, மூட்டையை வெயிலில் போடு, மழை வருகிறது தார்ப்பாய் இழு. தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது மயக்க டாக்டர் குனிந்து, "பேர் சொல்லுங்கம்மா" என்றார். ஆள் மாறிவிடக் கூடாது என்று எல்லோரிடமும் கேட்பார்களாம்.

"வசந்தா" என்றேன்.

அந்தத் தொண்டையில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கண் விழித்தபோது கழுத்தின் அடியில் ஒரு துளை. அதற்கு ஸ்டோமா என்று பெயர். இனிமேல் மூச்சு அதன் வழியாகத்தான். மூக்கும் வாயும் மூச்சுக் குழாயிலிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டன. மூக்கில் ஒரு குழாய் விட்டு அதன் வழியாகக் கஞ்சி ஊற்றினார்கள். இதெல்லாம் முன்பே சொல்லப்பட்டவைதான். யாரும் சொல்லாதது ஒன்று இருந்தது. அழுதால் சத்தம் வராது. கண்ணீர் வரும், மார்பு குலுங்கும், துளையில் காற்று புஸ் புஸ்ஸென்று போகும். ஓசையில்லாத அழுகை அழுதது போலவே இருக்காது. சிரிப்புக்கும் அதே கதி.

துளையில் சளி சேர்ந்தால் மூச்சு அடைக்கும். ஒரு சின்ன மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இளவரசிக்குப் பார்த்தாலே தலை சுற்றியது. என் வீட்டுக்காரர் நர்ஸின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல்கள். பயந்து பயந்து செய்வார். முடிந்ததும் துளையைச் சுற்றி ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, நான் நன்றாக மூச்சு விடுகிறேனா என்று காதை என் கழுத்துக்கு அருகில் வைத்துக் கேட்பார். என் பேச்சைக்கூட அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். ஆனால் சிலேட்டைக் கீழே வைக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிப் பில்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கவுண்ட்டரில் கொடுத்த தாளை என் வீட்டுக்காரர் வாங்கி மடித்து, கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். "கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று ஒரு வார்த்தை இல்லை. தூரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்ததுதான் ஆபரேஷனை விடப் பெரிய வேதனை.

வார்டில் என் கட்டில் ஜன்னல் ஓரம். செவ்வாய்க்கிழமை வந்தால் காலையிலிருந்தே எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். இப்போது ஜீப் கச்சிராயபாளையம் தாண்டியிருக்கும், இப்போது மலைப்பாதை வளைவு, இப்போது ஸ்பீக்கரைப் போட்டிருப்பார்கள் என்று மனம் கூடவே போகும். பிறகு கேட்கும். நிஜமாகவே கேட்கும். வெயில் ஏறிய மதியத்தில், பக்கத்துக் கட்டில்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்க, வந்துட்டோம் வந்துட்டோம் என்று எங்கிருந்தோ நான் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். இங்கே குரல் இல்லாமல் ஒருத்தி படுத்திருக்கிறாள். அங்கே உடம்பு இல்லாமல் ஒருத்தி மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் வசந்தா யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. பயமாக இருந்தது. செத்துப்போவதை நினைத்து வந்த பயத்தைவிட இது வேறு மாதிரி, முதுகுப் பக்கம் யாரோ நிற்கிற மாதிரி.

இளவரசி சென்னை வேலையை விட்டுவிட்டு மில்லைக் கையில் எடுத்திருந்தாள். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ம்மா, ஜீப்ல இருக்கறத மாத்திடட்டுமா? வேற யாரையாவது பேச வைக்கலாம். நானே பேசறேன்."

சிலேட்டைப் பிடுங்கி எழுதினேன். "வேண்டாம். அதுவாவது வேலை செய்யட்டும்."

பிறகு கதிர்வீச்சு. தலை அசையாமல் இருக்க, சூடான பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி ஒரு முகமூடி செய்வார்கள். ஆறியதும் அது நம் முகமாகவே ஆகிவிடும். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் அப்படியே இருக்கும். தினமும் அதை மாட்டிப் படுக்கையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். முடிந்ததும் சுவரில் மாட்டுவார்கள். அந்தச் சுவர் முழுக்க முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். திடீரென்று ஒரு நாள் ஒரு முகம் காணாமல் போயிருக்கும். குணமாகிப் போய்விட்டாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. உள்ளே போனதும் முதலில் என் முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

எல்லாம் ஆறிய பிறகு, மூச்சுக் குழாய்க்கும் உணவுக் குழாய்க்கும் நடுவில் பட்டன் அளவில் ஒரு வால்வு வைத்தார்கள். விரலால் கழுத்துத் துளையை மூடினால் காற்று அந்த வால்வு வழியாக வாய்க்குப் போகும், அதில் பேசலாம். முதல் தடவை மூடிக்கொண்டு "ஆ" என்றேன். கல் மாட்டிய மெஷின் சத்தம்தான் வந்தது. இளவரசி கைதட்டினாள், அழுதாள். என் வீட்டுக்காரர் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார். தண்ணீர் பாட்டில் மேஜை மேலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தும் மில்லுக்குள் போக முடியவில்லை. மூக்கு இல்லாமல் மூச்சு விடுகிறவளுக்கு உமித் தூசி நேரே நுரையீரலுக்குப் போய்விடும். கழுத்தில் ஈரத் துணி கட்டிக்கொண்டு வாசல் வரை போவேன். புதுச் சாமையின் வாசனையும் எனக்கு இனி இல்லை. மூக்கில் காற்று போனால்தானே வாசனை.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் விளைச்சல் கம்மி என்று நினைக்கலாம். அது தொடர்ந்தது. இப்படியே போனால் மில்லை மூடிவிட்டு மெஷினை எடைக்குப் போட வேண்டியதுதான். இளவரசி முகம் கறுத்துவிட்டது. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சடையனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"சொன்னா மனசு கஷ்டப்படக் கூடாதும்மா. நீங்க பூட்டீங்கன்னு மலையில பேசிக்கினு இருக்காங்க."

"எங்க?" என்றேன், விரலை வைத்துக்கொண்டு.

"மேல." கையை வானத்துக்குக் காட்டினார். "கழுத்த அறுத்துட்டாங்க, அம்மா பூட்டாங்கன்னு எவனோ சொல்லிட்டான். நான் இல்லன்னு சொன்னா, அப்ப ஏன் அந்தம்மா வர்றதில்லன்னு கேக்கறாங்க. ஆனா குரலு மட்டும் வாரா வாரம் வருதில்ல? ஸ்பீக்கர் சத்தம் கேட்டாலே கதவ சாத்திக்கறாங்க. புள்ளைங்கள உள்ள இழுத்துக்கறாங்க."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஆள் கண்ணுக்குத் தெரியாமல் வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுஷர். ஒன்றிரண்டு தடவையோடு நின்றால் அது வேறு ஏதோ. சின்ன வயதில் நானும் அப்படி எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். என் கையாலேயே "அதுவாவது வேலை செய்யட்டும்" என்று எழுதிக் கொடுத்தேனே, அது இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானே மலை ஏறினேன். என் வீட்டுக்காரரும் சளி உறிஞ்சும் மெஷினையும் ஈரத் துணிகளையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். சடையன் ஜீப்பை ஓட்டினார். வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு ஊரில் நிறுத்தினோம். பழக்க தோஷத்தில் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். வந்துட்டோம், வந்துட்டோம் என்று நான் தலைக்கு மேலே கூவினேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உள்ளே போனாள். ஒரு கதவு சாத்திக்கொண்டது, பிறகு இன்னொன்று. என்னைக் கண்டால் ஓடிவருகிற ஊர், என்னைக் கேட்டு ஒளிந்துகொண்டது. ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு இறங்கினேன்.

சின்னபொண்ணு மட்டும் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். என் வயசுக்காரி. முதல் வருடத்திலிருந்து எனக்குச் சாமை போடுகிறவள். நான் வாசலுக்குப் போனதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"யாரு நீ?"

துளையை விரலால் மூடினேன். "வசந்தா."

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் முகம் இன்னும் வெளுத்தது. கழுத்துத் துணியை அவிழ்த்துத் துளையைக் காட்டினேன். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு மெல்ல வந்து, உள்ளங்கையை என் கழுத்துக்கு முன்னால் பிடித்தாள், உலை கொதிக்கிறதா என்று ஆவி பார்க்கிற மாதிரி. நான் மூச்சு விட்டேன்.

"சூடாக் கீது" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏ, உசிரோடதான் இருக்குது! வாங்க!" என்று கத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சத்தமில்லாமல். "இன்னா யம்மா இது, அழுவக்கூட வுடலியா உன்ன" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வி.

கதவுகள் திறந்தன. மூட்டைகள் வந்தன. தராசைத் தூக்கும்போது சின்னபொண்ணு ஜீப்பின் மேலிருந்த ஸ்பீக்கரைக் காட்டினாள். "அத நிறுத்திடு. அந்தம்மா பூட்டாங்க. நீ வந்து பேசு, போதும். இல்லன்னா பேசாம நில்லு, நாங்களே வர்றோம்." சடையன் பென் டிரைவைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரல் நகம் அளவுதான் இருந்தது. முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இங்கே நிறுத்தினால் கூட்டத்தில் கைதட்டுவார்கள். நானே மேடையில் எத்தனையோ தடவை இப்படி ஒரு இடத்தில் நிறுத்தி, தன்னம்பிக்கை என்று முடித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு மலை இறங்கி வரும்போது இன்னொன்று நடந்தது.

மலையில் போன் எடுக்காது. எதிர்ச் சரிவுக்குப் போயிருந்த இரண்டாவது ஜீப்புக்கு நாங்கள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பொழுது சாய்கிற நேரம், ஒரு வளைவில் திரும்பினோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள் எங்கேயோ, என் குரல் கேட்டது. அம்மா, அக்கா, அண்ணா, வந்துட்டோம், வந்துட்டோம். தூரத்தில் கேட்டபோதுதான் அது எவ்வளவு நல்ல குரல் என்று தெரிந்தது. தெம்பும் கேலியும் பெருமையும் உள்ள ஒரு பெண்ணின் குரல். அவளுக்குக் கழுத்தில் எதுவும் இல்லை. எதுவும் வரப்போவதும் இல்லை.

"வண்டிய நிறுத்துப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

இறங்கினார். ரோட்டோரக் கட்டைச் சுவர் வரைக்கும் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பள்ளத்தைப் பார்த்து நின்றார். ஏதாவது காரியமாக இறங்கியிருப்பார் என்று முதலில் நினைத்தேன். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தார். ஆஸ்பத்திரியில் என் கழுத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருப்பாரே, அதே சாய்ப்பு. வாங்க, வாங்க, சீக்கிரம் வாங்க என்று அவள் கூப்பிட்டாள். அவர் தோள் குலுங்கியது. சடையன் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் பேச்சு இல்லாட்டியும் பரவால்ல என்று சொன்ன மனிதர் அவர்.

உயிரோடு இங்கே நான் உட்கார்ந்திருக்க, என் புருஷன் என் சாவுக்கு அழுதுகொண்டு நின்றார். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இத்தனை நாள் தனியாக இதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்.

ஜீப்பிலிருந்து இறங்கி நின்றேன். விரலால் கழுத்தை மூடிக்கொண்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைக் கூப்பிடுகிறபடி, "ஏங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க."

அவள் குரல் வளைவுக்கு அப்பால் போய் மங்கிக்கொண்டே வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டார்.

காற்றை நிறைய இழுத்து, துளையை இறுக்கி மூடி, மூன்றாவது தடவை கூப்பிட்டேன்.

திரும்பினார். "தோ வர்றேன்" என்றார்.